வரிக்குதிரை மீனின் வால்வில் குருத்தெலும்பு

பழுதடைந்த பெருந்தமனி வால்வை அறுவை சிகிச்சையில் அகற்றிய பின், அதை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராயும் நோயியல் வல்லுநர், இதழ்களுக்குள் குருத்தெலும்பை ஒத்த செல்களைக் கண்டால் அவற்றை நோயின் தடயமாகவே பதிவு செய்வார். மனிதரில் அத்தகைய செல்கள் பெரும்பாலும் கால்சியம் படிந்து இறுகிய வால்வுகளில்தான் தென்படுகின்றன என்பதால் அந்தப் பதிவில் தவறு ஏதும் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடங்களின் கண்ணாடித் தொட்டிகளில் வளரும், ஒரு விரல் நீளம்கூட இல்லாத வரிக்குதிரை மீனின் வால்வுகளில், மீன் முழு வளர்ச்சி அடைந்த பருவத்தில், குருத்தெலும்புத் தன்மையுள்ள செல்கள் இயல்பாகவே குடியிருக்கின்றன. வால்வோ குறையின்றித் திறந்து மூடுகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2019-இல் திசுவேதியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் விரித்துரைக்கிறது.

அந்தக் கட்டுரை புதிய மருந்து எதையும் அறிவிக்கவில்லை. நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வரக்கூடிய செய்தியும் அதில் இல்லை. ஆயினும் முதுமையைப் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தை, அதாவது வயதோடு சேர்ந்து வரும் மாற்றத்தை நோயென்றே எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை, அது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. ஓர் உறுப்பில் வளர்ச்சியால் வரும் மாற்றம் எது, மூப்பால் வரும் மாற்றம் எது, நோயால் வரும் மாற்றம் எது என்பதைச் செல்லின் தோற்றத்தை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது. எந்த உயிரினத்தில், எந்தப் பருவத்தில், எந்த அழுத்தத்தின் கீழ் அந்தச் செல் வாழ்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மனித வால்வும் அதன் இறுக்கமும்

மனித இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடலெங்கும் ரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் வாயிலில் அமைந்துள்ள வால்வு, பிறை வடிவிலான மூன்று இதழ்களால் ஆனது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள ஒவ்வொரு இதழுக்குள்ளும் மூன்று அடுக்குகள் உள்ளன. தமனியை நோக்கிய அடுக்கில் இழுவிசையைத் தாங்கும் கொலாஜன் நார்கள் நெருங்கிக் கிடக்கின்றன. நடு அடுக்கில் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் சர்க்கரைப் புரதங்கள் நிறைந்துள்ளன. கீழறையை நோக்கிய அடுக்கில், நீண்டு மீளும் தன்மையுள்ள எலாஸ்டின் என்ற புரத நார்கள் விரவியுள்ளன. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை திறந்து மூடும் இந்த இதழ், மடங்கவும் வேண்டும், நீளவும் வேண்டும், பின்னோக்கித் தள்ளும் ரத்தத்தின் எடையைத் தாங்கவும் வேண்டும் என்பதால், ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அடுக்கு என்று பொறுப்புகள் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன.

இந்த அடுக்குகளை உருவாக்கி, பழுதுபார்த்து, புதுப்பித்து வருபவை இதழுக்குள் சிதறிக் கிடக்கும் இடைத்திசு செல்கள் ஆகும். இதழின் மேற்பரப்பை ஒரே படலமாக மூடி, ரத்தத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளுறைச் செல்கள் இவற்றிலிருந்து வேறானவை. நலமான வால்வில் இடைத்திசு செல்கள் பெரும்பாலும் அமைதியாக இருக்கின்றன. காயமோ அழற்சியோ நேரும்போது அவை விழித்தெழுந்து, தசைச் செல்லைப் போலச் சுருங்கும் ஆற்றலைப் பெற்று, புதிய நார்களைச் சுரந்து, வேலை முடிந்ததும் மீண்டும் அடங்கிவிடுகின்றன. அப்படி அடங்காமல் போகும்போதுதான் இதழ் தடிக்கத் தொடங்குகிறது. சில செல்கள் அதற்கும் அப்பால் சென்று, எலும்பை உருவாக்கும் செல்களின் குணத்தையே ஏற்றுக்கொள்கின்றன.

இந்த இறுக்கத்தை ஜெர்மானிய நோயியலாளர் யோஹான் கியோர்க் மோன்கெபெர்க் 1904-இல் விவரித்தபோது, அது சிதைவின் விளைவாகவே கொள்ளப்பட்டது. கைப்பம்பின் தோல் வாசர் உழைத்து உழைத்துத் தேய்வதைப் போல வால்வும் தேய்ந்து, தேய்ந்த இடத்தில் சுண்ணாம்பு தானாகப் படிகிறது என்ற எண்ணம் ஏறத்தாழ நூற்றாண்டுக் காலம் மருத்துவப் பாடங்களில் நிலைத்திருந்தது. 2001-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழுவினர், அறுவையில் அகற்றப்பட்ட 347 வால்வுகளை ஆராய்ந்து, கால்சியம் படிந்தவற்றுள் 13 விழுக்காட்டில் அடுக்கடுக்கான முதிர்ந்த எலும்பையே கண்டனர். அவற்றுள் எலும்பு மஞ்சையின் கூறுகளும் இருந்தன. சுண்ணாம்பு தானாகப் படியலாம். மஞ்சையுள்ள எலும்பு தானாகப் படியாது. அதைக் கட்டுவதற்குச் செல்கள் வேண்டும், அந்தச் செல்களுக்கு ஆணையிடும் மரபணுக்கள் வேண்டும். தேய்மானம் என்ற பழைய விளக்கத்துக்கு அந்த ஆய்வு தந்த அடி சிறியதன்று.

கருவில் எலும்புகள் உருவாகும் முறை ஏற்கெனவே நன்கு அறியப்பட்டிருந்தது. கை, கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே வார்க்கப்படுகின்றன. சாக்ஸ்9 என்ற மரபணு குருத்தெலும்புச் செல்களை உருவாக்குகிறது. பிறகு ரன்எக்ஸ்2 என்ற மரபணு செயல்பட்டு அந்த வார்ப்பை எலும்பாக மாற்றுகிறது. கருவின் இதய வால்வு உருவாகும்போதும் சாக்ஸ்9 இயங்குகிறது. இறுகிப்போன முதிய வால்விலோ ரன்எக்ஸ்2-இன் கை ஓங்கியிருக்கிறது. ரன்எக்ஸ்2-ஐ அடக்கி வைக்கும் நாட்ச்1 என்ற மரபணுவில் பிழை உள்ள குடும்பங்களில், மூன்றுக்குப் பதிலாக இரண்டே இதழ்கள் கொண்ட பெருந்தமனி வால்வும், அதில் கால்சியம் படிதலும் காணப்படுவதை 2005-இல் ஓர் அமெரிக்கக் குழு நிறுவியது. ஆக, முதுமையில் வால்வு இறுகும் நோய், கருப்பருவத்தில் எழுதி முடிக்கப்பட்ட ஒரு நிரல் தவறான வயதில், தவறான இடத்தில் மீண்டும் ஓடுவதன் விளைவு என்ற பார்வை வலுப்பெற்றது.

இந்த நோயின் பரப்பு பெரிது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒலி அலைப் படத்தால் பரிசோதித்து 1997-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 26 விழுக்காட்டினருக்கு வால்வு இதழ்கள் தடித்திருந்தன. 2 விழுக்காட்டினருக்கு வாயிலே குறுகியிருந்தது. அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் போன்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள் இந்த இறுக்கத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கையை, 2005-இலும் 2008-இலும் வெளியான மருத்துவச் சோதனைகள் பொய்யாக்கின. எலும்புத் தேய்வுக்குத் தரப்படும் மருந்துகளும் பின்னர் முயன்று பார்க்கப்பட்டுப் பலனளிக்கவில்லை. பிரான்சின் ரூவான் நகரில் 2002-இல் ஆலன் கிரிபியே முதன்முறையாகச் செய்துகாட்டிய, மார்பைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியே புதிய வால்வைப் பொருத்தும் முறை பல முதியவர்களின் வாழ்நாளை நீட்டித்துள்ளது. ஆனால் அது பழுதான வால்வின் இடத்தில் வேறொன்றை வைப்பதே ஒழிய, பழுதாவதைத் தடுப்பது அன்று. இந்தியாவில் இளம் வயதினரின் வால்வுகளைப் பெரிதும் பாழாக்கி வந்துள்ள வாதக் காய்ச்சல் முற்றிலும் வேறு கதை. தொண்டையில் கிருமி தொற்றிய பின் உடலின் எதிர்ப்பாற்றலே வால்வைத் தாக்குவதால் வருவது அது, வயது அதன் காரணம் ஆகாது.

இரண்டு அறைகள் கொண்ட இதயம்

கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் வாழும் மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில்தான் வரிக்குதிரை மீன் அறிவியல் உலகுக்கு முதலில் அறிமுகமானது. தெற்காசியாவின் ஓடைகளிலும் வயல்வெளி நீரிலும் திரியும் இந்த நீலக்கோட்டு மீன், அலங்கார மீன் வணிகத்தின் வழியே மேலை நாடுகளுக்குச் சென்று, அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கரின் கையில் மரபியல் கருவியாக மாறியது. 1996 டிசம்பரில் ஜெர்மனியின் டூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் இயங்கிய இரு பெருங்குழுக்கள், கரு வளர்ச்சியைக் குலைக்கும் ஏராளமான மரபுப் பிறழ்வுகளை ஒரே ஆய்விதழின் 37 கட்டுரைகளில் வெளியிட்டபோது, இதய வளர்ச்சியைக் கெடுக்கும் பிறழ்வுகளும் அவற்றுள் ஒரு பெரிய தொகுதியாக இடம்பெற்றன. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த மீனில் இணையான மரபணு உண்டு என்று 2013-இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு கணக்கிட்டது.

இதய ஆய்வாளர்களை இந்த மீன் கவர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இதன் கரு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதால், கருவுற்ற ஒரே நாளில் துடிக்கத் தொடங்கும் இதயத்தை உயிரோடு, அறுக்காமல் பார்க்க முடிகிறது. கரு மிகச் சிறியதாக இருப்பதால் முதல் சில நாட்கள் சுற்றியுள்ள நீரிலிருந்தே ஆக்சிஜன் ஊடுருவி உடலெங்கும் சென்றுவிடுகிறது. எனவே இதயம் துடிக்காத கருவும், வால்வே இல்லாத கருவும் உடனே இறப்பதில்லை. எலியின் கருவில் இத்தகைய குறை நேர்ந்தால், என்ன நடந்தது என்று பார்ப்பதற்குள் கரு அழிந்துவிடும்.

மீனின் இதயம் மனித இதயத்தின் சிறுவடிவம் அன்று என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. அதில் ஒரு மேலறையும் ஒரு கீழறையுமே உள்ளன. உடலிலிருந்து வரும் ரத்தம் சிரைப்பையில் சேர்ந்து, மேலறைக்கும் அங்கிருந்து கீழறைக்கும் சென்று, தமனிக்குமிழ் என்ற மீள்தன்மையுள்ள பகுதி வழியாகச் செவுள்களுக்குப் பாய்ந்து, ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு, இதயத்துக்குத் திரும்பாமலே உடலெங்கும் ஓடிவிடுகிறது. இந்தப் பாதையில் மூன்று வால்வுகள் உள்ளன: சிரைப்பைக்கும் மேலறைக்கும் இடையில் ஒன்று, மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் ஒன்று, கீழறையின் வெளிவாயிலில் ஒன்று. வளர்ந்த மீனின் கீழறை சுருங்கும்போது எழும் அழுத்தம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பாதரச அளவே. மனிதரின் இடது கீழறையில் அது சுமார் 120. வெளிவாயில் வால்வு மனிதரின் பெருந்தமனி வால்வுக்கு ஒப்பிடப்படுகிறது என்றாலும், இரண்டும் சுமக்கும் பாரம் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் உள்ளது.

ஓட்டமே செதுக்கும் இதழ்

வால்வு முதலில் இதழாகப் பிறப்பதில்லை. கருவின் இதயம் ஒரு குழாயாக இருக்கும்போது, அதன் தசைக்கும் உள்ளுறைக்கும் இடையில் இதயக் கூழ் என்று அழைக்கப்படும் கொழகொழப்பான பொருள் நிரம்பியுள்ளது. மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட குறுகிய கால்வாயில் இருக்கும் உள்ளுறைச் செல்கள் தட்டை வடிவத்தை விட்டுக் கனசதுர வடிவம் பெற்று, இந்தக் கூழுக்குள் இறங்கி, அங்கே ஒரு மடிப்பை உருவாக்குகின்றன. இந்தக் கூழின் முக்கியப் பொருளான ஹயலுரோனிக் அமிலம் உருவாவதற்குத் தேவையான ஒரு நொதி இல்லாத பிறழ்வு மீன்களில் வால்வே தோன்றுவதில்லை என்று 2001-இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. நாட்கள் செல்லச் செல்ல அந்த மடிப்பு நீண்டு இதழாகிறது. அதற்குள் இடம்பெயர்ந்த செல்கள் இடைத்திசு செல்களாகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வில் முதலில் இரண்டாக இருக்கும் இதழ்கள், மீன் வளர்ந்த பின் நான்காகின்றன.

இந்தச் செல்களுக்கு எங்கே, எப்போது மடிய வேண்டும் என்று சொல்வது ரத்த ஓட்டமே என்பது இந்த மீன் தந்த பாடங்களுள் மிக முக்கியமானது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தினர் மீன் கருவின் இதயத்துக்குள் ரத்தம் நுழையும் இடத்திலோ வெளியேறும் இடத்திலோ நுண்ணிய கண்ணாடி மணியை வைத்து ஓட்டத்தைத் தடுத்தபோது, மரபணுக்களில் எந்தப் பிழையும் இல்லாத அந்தக் கருக்களில் வால்வுகள் சரியாக உருவாகவில்லை. 2003-இல் வெளியான இந்தச் சோதனையின் எளிமை இன்றும் வியப்பளிக்கக்கூடியது. 2009-இல் மற்றோர் ஆய்வு, ஓட்டத்தின் வேகத்தைவிட அதன் திசைமாற்றமே முக்கியம் என்று காட்டியது. இதழ் உருவாகுமுன் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கொஞ்சம் பின்னோக்கிப் பாய்கிறது. இந்த முன்பின் உரசலை உணரும் உள்ளுறைச் செல்கள் கேஎல்எஃப்2ஏ என்ற மரபணுவை இயக்குகின்றன. அது இயங்காவிட்டால் இதழும் இல்லை. பியெசோ1 என்ற, செல்சவ்வு இழுபடும்போது திறந்துகொள்ளும் வாயிற்புரதம் இந்த உரசலை உணரும் கருவிகளுள் ஒன்று என்பது பின்னர் தெரியவந்தது. சுருங்கச் சொன்னால், பின்னோக்கிப் பாயும் ரத்தமே தன்னைத் தடுக்கும் கதவைக் கட்டிக்கொள்கிறது.

முதுமையைப் பற்றிய கட்டுரையில் கருப்பருவத்துக்கு இவ்வளவு இடம் தருவதற்குக் காரணம் உண்டு. விசையை உணர்ந்து உருவெடுத்த செல்கள், வாலிபம் வந்ததும் அந்த உணர்வைத் துறந்துவிடுவதில்லை. வாழ்நாள் முழுவதும் அவை அழுத்தத்தையும் உரசலையும் உணர்ந்தபடி தம்மைச் சுற்றியுள்ள நார்களையும் கூழையும் மாற்றியமைத்துக்கொண்டே இருக்கின்றன. வரிக்குதிரை மீனோ முதிர்ந்த பின்னும் மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரினம். உடல் பெருக்கப் பெருக்க இதயமும் பெருக்கிறது. இதயம் பெருக்கும்போது வால்வும் தன் அமைப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனவே இந்த மீனில் வயதையும் வளர்ச்சியையும் தனித்தனியே பிரித்தெடுப்பது மனிதரில் பிரிப்பதைவிடக் கடினம்.

35 நாள் முதல் இரண்டரை ஆண்டு வரை

லைப்சிக் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த காலவரம்பு, இளம்பருவமான 35-ஆம் நாளில் தொடங்கி, ஆய்வுக்கூடங்களில் இனப்பெருக்கத்துக்கு மீன்களைப் பயன்படுத்தும் காலம் முடியும் இரண்டரை ஆண்டில் முடிகிறது. கருப்பருவ வால்வைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் இருக்க, இந்த நீண்ட இடைவெளியை மிகச் சிலரே எட்டிப் பார்த்திருந்தனர். கண்ணாடிபோன்ற கரு வளர்ந்து ஒளி ஊடுருவாத உடலானதும் பலருக்கு அந்த மீனின் மீது ஆர்வம் குன்றிவிடுவது, சற்றே வேடிக்கையானாலும், புரிந்துகொள்ளக்கூடியதே. வளர்ந்த மீனின் இதயத்தைச் செல் அளவில் காண வேண்டுமானால் அதை வெட்டி, சாயமேற்றி, பழைய திசுவியல் முறையில்தான் பார்க்க வேண்டும். இந்தக் குழு அதைத்தான் செய்தது: ஒளி நுண்ணோக்கியாலும், குறிப்பிட்ட புரதங்களைத் தேடிப் பிடித்து நிறம் காட்டும் எதிர்ப்பொருள் சாயங்களாலும் மீனின் வால்வுகளை ஆராய்ந்து, வளர்ந்த சுண்டெலியின் வால்வுகளோடு ஒப்பிட்டது.

ஒரு செல்லைக் குருத்தெலும்புத் தன்மையுள்ளது என்று கூறுவதற்கு அடிப்படைகள் உண்டு. சாதாரண நார்த்திசு செல் இழையைப் போல் மெலிந்து நீண்டிருக்கும். குருத்தெலும்புச் செல்லோ உருண்டு திரண்டு, தன்னைச் சுற்றித் தானே சுரந்த பொருளால் ஆன ஒரு சிறு குழியில் அமர்ந்திருக்கும். அந்தப் பொருளில் நீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகன் போன்ற சர்க்கரைப் புரதங்களும், தோலிலும் தசைநாண்களிலும் காணப்படும் வகையிலிருந்து வேறான இரண்டாம் வகைக் கொலாஜனும் மிகுந்திருக்கும். செல்லின் உட்கருவில் சாக்ஸ்9 இயங்கிக்கொண்டிருக்கும். தோற்றம், சுற்றுப்பொருள், மரபணு ஆகிய மூன்று சான்றுகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் முடிவு உறுதிப்படும்.

மீனின் வால்வு இதழ்களின் நுண்ணமைப்பு சுண்டெலியினுடையதிலிருந்து பெரிதும் வேறுபட்டிருந்தது என்பதும், வளர்ந்த மீனில் இடைத்திசு செல்களின் குருத்தெலும்புத் தன்மை நோயின் விளைவு அன்று, அந்த இனத்துக்கே உரிய இயல்பான அமைப்பு என்பதும் ஆய்வின் முடிவு. கட்டுரையின் தலைப்பிலேயே ‘நோயல்லாத’ என்ற அடைமொழியை அவர்கள் சேர்த்திருப்பது தற்செயலானது அன்று. மனித வால்வின் கண்ணாடியில் மட்டும் மீனின் வால்வைப் பார்ப்பவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

இங்கே ஒரு வரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நல்ல பராமரிப்பில் வாழும் வரிக்குதிரை மீனின் சராசரி ஆயுள் சுமார் மூன்றரை ஆண்டு. ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்ந்தவையும் உண்டு. எனவே இரண்டரை ஆண்டு என்பது முதுமையின் வாசலே தவிர முதுமையின் உச்சம் அன்று. முதுகு வளைதலும், குரோமோசோம்களின் முனைகளைக் காக்கும் டெலோமியர் என்ற தொப்பி குறுகுதலும் இந்த மீனிலும் வயதோடு காணப்படுகின்றன. அவை முற்றிய நிலையில் வால்வு என்னவாகிறது என்பதை இந்தக் காலவரம்புக்குள் நின்று சொல்லிவிட முடியாது. அதேபோல, துடிப்புகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தாலும் இரு உயிரினங்களும் நிகரானவை அல்ல. நிமிடத்துக்கு 120 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் இரண்டரை ஆண்டில் மீனின் வால்வு சுமார் 16 கோடி முறை இயங்கியிருக்கும். நிமிடத்துக்கு 72 என்ற கணக்கில் 75 வயது மனிதரின் வால்வு 280 கோடியைத் தாண்டியிருக்கும். தேய்மானமே குருத்தெலும்புச் செல்களை வரவழைக்கிறது என்றால், குறைவாக உழைத்த வால்வில் அவை ஏன் இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

காவலரா, முன்தூதரா?

வால்வில் குருத்தெலும்பு என்பது மீன்களுக்கு மட்டுமே உரிய விந்தையும் அன்று. சிரிய ஹாம்ஸ்டர் எனப்படும் சிறு கொறிணியின் பிறை வால்வுகளில் குருத்தெலும்பு காணப்படுவதை ஸ்பெயினின் மாலகா நகர ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வந்துள்ளனர். மாட்டின் இதயத்தில், வால்வுகள் ஊன்றியுள்ள நார்வளையத்துக்கு அருகே, ‘இதய எலும்பு’ என்றே பெயர் பெற்ற உண்மையான எலும்பு இயல்பாக அமைந்துள்ளது. ஆகவே, இதயத்தின் இணைப்புத் திசு குருத்தெலும்பாகவோ எலும்பாகவோ மாறும் ஆற்றலைத் தன்னுள் எப்போதும் வைத்திருக்கிறது என்றும், எந்த உயிரினம் அதை எந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு என்றும் கொள்வதே பொருத்தம். குருத்தெலும்பு அமுக்கத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்த திசு. அழுத்தம் குறைந்த, ஆனால் இதழ்கள் ஒன்றோடொன்று மோதி மூடும் ஒரு வாயிலில், மெல்லிய நாரிதழைவிடச் சதைப்பற்றுள்ள, நீரை ஏந்திய இதழ் மீனுக்கு உகந்ததாக இருந்திருக்கக்கூடும். இது ஊகமே என்றாலும், செல்கள் விசைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்பவை என்பதால் அடிப்படையற்ற ஊகம் அன்று.

மனித நோய்க்கு இதிலிருந்து என்ன கிடைக்கும் என்பதே அடுத்த கேள்வி. குருத்தெலும்புத் தன்மை எலும்பாவதற்கு முந்தைய படி என்றே பெரும்பாலும் கருதப்பட்டு வந்தது. ஆனால் சுண்டெலிகளில் சாக்ஸ்9-இன் அளவைப் பாதியாகக் குறைத்தபோது வால்வில் கால்சியம் படிவது கூடியது என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, குருத்தெலும்பை ஆக்கும் அதே மரபணு, எலும்பாவதைத் தடுத்து நிறுத்தும் பணியையும் செய்கிறது. நிலையான குருத்தெலும்பு, மூட்டுகளிலும் காதுமடலிலும் மூக்கிலும் இருப்பதைப் போல, எலும்பாக மாறாமலே பல்லாண்டு நீடிக்கக்கூடியது. வளரும் எலும்பின் முனைகளில் இருக்கும் குருத்தெலும்புதான் தன் செல்கள் வீங்கி, சுற்றுப்பொருள் சுண்ணாம்பேறி, எலும்புக்கு இடம்விடுகிறது. வரிக்குதிரை மீனின் வால்வுச் செல்கள் முதல் வகையில் நிலைத்து நிற்கின்றன என்றால், அவற்றை அங்கே நிறுத்தி வைப்பது எது என்பதே மருத்துவத்துக்கு உதவக்கூடிய கேள்வி. முன்தூதர் என்று எண்ணப்பட்ட செல் உண்மையில் காவலராக இருக்கலாம்.

இந்தக் கேள்விக்கு மீனிடமிருந்து பெறும் விடையை அப்படியே மனிதருக்குப் பெயர்த்துவிட முடியாதபடி சில தடைகள் உள்ளன. மீன் தனக்கு வேண்டிய கால்சியத்தைப் பெரிதும் சுற்றியுள்ள நீரிலிருந்து செவுள்கள் வழியே எடுத்துக்கொள்கிறது. மனிதரின் கழுத்தில் இருந்து ரத்தக் கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு சுரப்பி மீனில் தனி உறுப்பாக இல்லை. கால்சியம் மிகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை ஸ்டானியோகால்சின் என்ற சுரப்புநீர் மேற்கொள்கிறது. மேலும், இந்த மீனின் இதயம் இழந்ததை மீட்டுக்கொள்வது: கீழறையின் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அது தசையாகவே வளர்ந்துவிடுகிறது என்று 2002-இல் காட்டப்பட்டது. வால்வும் அப்படியே. ஜெர்மனியின் பாட் நவ்ஹைம் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த மீனின் வால்வுச் செல்களை மரபணு உத்தியால் அழித்தபோது, உள்ளுறைச் செல்களும், மீன்களில் ரத்தம் உற்பத்தியாகும் சிறுநீரக மஞ்சையிலிருந்து வந்த செல்களும் சேர்ந்து புதிய வால்வைக் கட்டின. இத்தகைய புதுப்பித்தல் இயல்பாக உள்ள உயிரினத்தில், இரண்டரை வயது மீனின் வால்விலுள்ள ஒரு செல்லுக்கும் இரண்டரை வயதுதானா என்பதே ஐயத்துக்குரியது.

இந்தத் தடைகளால் மீன் பயனற்றதாகிவிடவில்லை. அதை எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் தெளிவாகிறது. மனித நோயாளிகளில் கண்டறியப்படும் மரபணுப் பிழையை மீனில் உருவாக்கி, வால்வில் குருத்தெலும்புப் புரதம் இருப்பதைக் காட்டி, நோய் உருவாகிவிட்டது என்று அறிவிக்கும் ஆய்வு இனி ஏற்புடையது ஆகாது; அந்தப் புரதம் பிழையில்லாத உடன்பிறப்பு மீனிலும் இருக்கும். கால்சியம் படிவைக் காட்டும் சாயமும், ஒலி அலைப் படத்தில் தெரியும் கசிவும் குறுக்கமும், ஒத்த வயதும் ஒத்த உடல் நீளமும் உள்ள நலமான மீன்களுடனான ஒப்பீடும் சேர்ந்திருந்தால்தான் அத்தகைய கூற்றை நம்ப முடியும். மருந்துகளைச் சோதிக்கும் நிறுவனங்கள் விரும்பும் வேகத்துக்கு இது ஒத்துவராது என்பது உண்மையே. ஆனால் கொழுப்பு மாத்திரைகளில் தொடங்கி இத்துறை கண்ட தோல்விகளைப் பார்க்கும்போது, வேகம் இதுவரை எவருக்கும் உதவியதாகத் தெரியவில்லை.

காவலரா முன்தூதரா என்ற கேள்வியைத் தீர்க்கும் சோதனையை வகுத்துச் சொல்வது கடினம் அன்று. எலும்புள்ள மீன்களுள் டெலியோஸ்ட் எனப்படும் பெரும்பிரிவின் மூதாதையரில் முழு மரபணுத்தொகையும் ஒருமுறை இரட்டிப்பானதால், வரிக்குதிரை மீனில் சாக்ஸ்9-க்கு இரண்டு படிகள் உள்ளன. கருவிலேயே அவற்றை நீக்கினால் மீனின் எலும்புக்கூடே குலைந்துவிடும். எனவே இரண்டையும் வால்வின் இடைத்திசு செல்களில் மட்டும், மீன் முழு வளர்ச்சி பெற்ற பின்னர் மட்டும் அணைக்க வேண்டும். அந்த மீன்களை இனப்பெருக்க வயது கடந்தும் மூன்று, நான்கு ஆண்டுகள் வரை தொட்டியில் வைத்துப் பேண வேண்டும். குறித்த இடைவெளிகளில் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறதா என்று படம் எடுத்து, இறுதியில் இதழ்களைச் சீவிச் சாயமேற்றி, அவற்றில் சுண்ணாம்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.